வளைந்ததெல்லாம் ஒரே வாளா? மேசை விளையாட்டு விதிகளும் நம் நாட்டு வாள்களும்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு ஒன்று 1974 முதல் உலகில் வழங்கிவருகிறது. அதன் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் அதை உருவாக்கினார்கள். ஒருவர் கதை சொல்லி ஆட்டத்தை நடத்துவார். அவரை இங்கே நடுவர் என்று குறிப்பிடுகிறேன். மற்றவர்கள் போர்வீரன், மந்திரவாதி, கள்வன் என்று வேடம் ஏற்பார்கள். வாளை வீசினால் பட்டதா இல்லையா என்பதை இருபது பக்கம் கொண்ட பகடை முடிவு செய்யும்.

இந்த விளையாட்டில் 'ஆயுதத் தேர்ச்சி' என்று ஒரு விதி உண்டு. எந்த ஆயுதத்தில் பயிற்சி பெற்றிருக்கிறாயோ அதைத்தான் ஒழுங்காக வீச முடியும். பழகாததை எடுத்தால் பகடையில் விழும் எண்ணில் தண்டம் உண்டு, அல்லது தேர்ச்சி பெற்றவனுக்குக் கிடைக்கும் கூடுதல் எண் உனக்குக் கிடைக்காது. நியாயமான விதிதான். ஆனால் ஒரு வாள் பழகியவன் அதைப் போலவே இருக்கும் இன்னொரு வாளை எடுத்தால் என்ன செய்வது? ஐம்பது ஆண்டுகளாக இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சண்டை எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஐப்பசி மழையில் குன்னூரில் வெளியே தலைகாட்ட முடியாது. தீபாவளி விடுமுறைக்கு வந்த பேரனும் அவன் நண்பர்கள் மூவரும் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு இதை ஆடினார்கள். பேரனின் பாத்திரம் ஒரு கள்வன். கதையில் ஒரு பாழடைந்த கோட்டையில் அவனுக்கு ஒரு தல்வார் கிடைத்தது. நடுவராக இருந்த பையன் விதிநூலைப் புரட்டினான். தல்வார் என்று தனியாக எதுவும் இல்லை. "வளைந்த வாள்தானே? சிமிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கள்வனுக்குச் சிமிட்டாரில் தேர்ச்சி கிடையாது" என்று தீர்ப்புச் சொன்னான். பேரன் விடவில்லை. "நீளவாள் எனக்குத் தெரியுமே. ஒரு கையால் பிடிப்பது, வெட்டுவது, எல்லாம் ஒன்றுதானே?" என்று வாதாடினான். கடைசியில் இருவரும், "தாத்தா, நீங்கள் வரலாற்று வாத்தியார்தானே, நீங்களே சொல்லுங்கள்" என்று என்னிடம் வந்தார்கள். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. படித்துப் பார்த்துவிட்டு எழுதியது இந்தக் கட்டுரை.

விதி வந்த வழி

பகடையையும் நடுவரையும் வைத்துப் போரை மேசைமேல் நடத்தும் வழக்கம் பிரஷ்ய ராணுவத்திலிருந்து வந்தது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி உருவாக்கிய 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்னும் போர் விளையாட்டை அந்நாட்டுப் படை தன் அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது. வரைபடத்தையும் மணல் மாதிரியையும் வைத்துப் போர் பழகுவது பிறகு எல்லா நாட்டு ராணுவக் கல்லூரிகளுக்கும் பொதுவாயிற்று. எங்கள் வீட்டிலிருந்து சிறிது தொலைவில், வெலிங்டனில் 1947 முதல் இயங்கிவரும் படை அதிகாரிகளின் கல்லூரியும் அந்த மரபில் வந்ததுதான்.

பொழுதுபோக்காகப் போர் விளையாட்டு ஆடியவர்களிலிருந்துதான் கைகாக்ஸ் வந்தார். அவரும் ஜெஃப் பெர்ரனும் 1971இல் வெளியிட்ட 'செயின்மெயில்' என்ற விதிநூலில், ஆளுக்கு ஆள் மோதும் பகுதியில் வாள் இரண்டே வகை: வாள், இருகை வாள். அவ்வளவுதான். 1974இல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் வாள்களைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. எந்த ஆயுதமானாலும் ஆறு பக்கப் பகடை ஒன்றை உருட்டிக் காயத்தைக் கணக்கிட்டார்கள்.

1978இல் வந்த உயர்நிலைப் பதிப்பில்தான் கதை மாறியது. ஆட்டக்காரர் கையேட்டில் வாள் ஆறாகப் பிரிந்தது: குறுவாள், நீளவாள், அகலவாள், ஒன்றரைக்கை வாள், இருகை வாள், சிமிட்டார். ஒவ்வொன்றும் தனித் தேர்ச்சி. போர்வீரன் தொடக்கத்தில் 4 ஆயுதங்களைத் தேர்ந்துகொள்ளலாம். மந்திரவாதிக்கு ஒன்றே ஒன்று. தேர்ச்சி இல்லாத ஆயுதத்தைப் போர்வீரன் எடுத்தால் பகடை எண்ணில் 2 குறையும். மந்திரவாதிக்கு 5 குறையும்.

கணக்குப் பிடிக்காத மாணவர்களும் இதைக் கவனிக்கலாம். இருபது பக்கப் பகடையில் ஒவ்வோர் எண்ணுக்கும் 5 விழுக்காடு வாய்ப்பு. எதிரியை வெட்ட 11 அல்லது அதற்கு மேல் வேண்டுமென்றால் வாய்ப்பு 50 விழுக்காடு. 2 தண்டம் விழுந்தால் 13 வேண்டும். வாய்ப்பு 40 ஆகிவிடும். அதாவது பத்தாண்டுகள் நீளவாள் வீசியவன் அகலவாளை எடுத்தாலும் 40 தான். வாழ்நாளில் தொட்டே பார்த்திராத ஆயுதம் ஒன்றை எடுத்தாலும் அதே 40 தான். அகலவாள் அவனுக்கு எவ்வளவு அந்நியமோ, இரும்புக் குண்டு தொங்கும் சங்கிலியும் அவ்வளவே அந்நியம் என்கிறது அந்த விதி. இது கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பு அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. பழகிய ஆயுதத்துக்கு 'நெருங்கிய' ஆயுதம் என்றால் தண்டத்தில் பாதி போதும் என்றது. போர்வீரனுக்கு 2க்குப் பதில் 1. மந்திரவாதிக்கு 5க்குப் பதில் 3. எவையெவை நெருங்கியவை என்பதை யார் சொல்வது? நடுவர் சொல்வார் என்று விட்டுவிட்டது. அதே ஆண்டில் வந்த போர்வீரர் துணைநூல் ஆயுதங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, கூடுதல் விலை கொடுத்தால் ஒரு கூட்டம் முழுவதையும் கற்கலாம் என்றது.

ஸ்டீவ் ஜாக்சன் என்பவர் 1986இல் வெளியிட்ட கர்ப்ஸ் என்ற விளையாட்டு இதில் இன்னும் நுட்பமானது. ஒரு திறமை இருந்தால் அதற்குப் பக்கத்துத் திறமை குறைந்த அளவில் தானாக வரும் என்பது அதன் கொள்கை. அதன் 2004 பதிப்பில், அகலவாள் தெரியாதவன் குறுவாள் திறமையிலிருந்து 2 குறைத்து அதை வீசலாம்; சேபர் என்னும் மெல்லிய வாள் தெரிந்தவன் 4 குறைத்து வீசலாம். மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை திறமை எண்ணுக்குள் அடங்கினால் வெற்றி. திறமை 14 உள்ளவனுக்கு வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 91 விழுக்காடு; 2 குறைந்தால் 74; 4 குறைந்தால் சரியாக 50. குறுவாளிலிருந்து வருவதற்கும் சேபரிலிருந்து வருவதற்கும் இடையே இத்தனை தூரம் இருக்கிறது என்று அளந்து சொன்ன முயற்சி அது. எனக்குப் பிடித்தது இதுதான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எதிர்த்திசையில் போனது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆயுதங்கள் எளியவை, போர்க்கருவிகள், அரியவை என்று மூன்றே கூடைகளில் அடங்கின. போர்வீரனுக்கு முதலிரண்டு கூடையும் முழுதாகத் தெரியும். 2014 பதிப்பில் எளியவை, போர்க்கருவிகள் என்று இரண்டே கூடைகள். கள்வனுக்கு எளியவற்றோடு சேர்த்து நீளவாள், குறுவாள், ரேப்பியர் என்று சிலவற்றைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். சிமிட்டார் அந்தப் பட்டியலில் இல்லை. என் பேரனின் வழக்கு பிறந்த இடம் இதுதான்.

பெயர்களை நம்பலாமா?

இந்தப் பட்டியல்களில் உள்ள பெயர்களே வரலாற்றோடு ஒத்துப்போவதில்லை. விளையாட்டில் நீளவாள் என்பது ஒரு கையில் பிடிக்கும் சாதாரண வீரர் வாள். ஐரோப்பாவில் 14, 15ஆம் நூற்றாண்டுகளின் வாட்பயிற்சி நூல்கள் நீளவாள் என்று சொன்னதோ இரு கையாலும் பிடிக்கும் நீண்ட பிடியுள்ள வாள். அகலவாள் என்ற பெயர், மெல்லிய குத்துவாள்கள் பெருகிய பிற்காலத்தில் அவற்றிலிருந்து பிரித்துச் சொல்ல வந்தது. சிமிட்டார் என்பதும் ஒரு குறிப்பிட்ட வாளின் பெயர் அல்ல. துருக்கிய கிலிஜ், பாரசீக ஷம்ஷீர், நம் நாட்டுத் தல்வார், மொராக்கோவின் நிம்ச்சா என்று கிழக்கே பார்த்த வளைந்த வாள் எல்லாவற்றுக்கும் ஐரோப்பியர் சூட்டிய ஒரே பெயர் அது. பஞ்சாபியையும் மலையாளியையும் 'இந்தியன்' என்ற ஒரே கட்டத்தில் போட்ட மக்கள்தொகைப் படிவம்போலத்தான்.

வளைவு என்பதே ஒரு வகை ஆகுமா என்று பார்ப்போம். தல்வாரின் கூர்மை வளைவின் வெளிப்பக்கம் இருக்கிறது. வீசி இழுக்கும்போது வெட்டு நீள்கிறது. நீலகிரிக்கு வடமேற்கே குடகில், குடகர்கள் முதுகுப்புறம் செருகிக்கொள்ளும் ஆயுதக் கத்தியும் வளைந்ததுதான். அதன் கூர்மையோ வளைவின் உட்பக்கம் இருக்கிறது, நம் ஊர் அரிவாளைப் போல. அது கொத்தி உள்ளே இழுக்கும் கருவி. இரண்டையும் படத்தில் வரைந்தால் ஒன்றுபோல் தெரியும். கையில் எடுத்து வீசினால் எதிரெதிரானவை. ஒன்றைப் பழகியவன் மற்றதை எடுத்தால், ஒன்றுமே பழகாதவனைவிடத் தடுமாறக்கூடும். பழகிய கை தவறான பக்கத்தைத் திருப்பும்.

தமிழ் இந்த விஷயத்தில் விதிநூல்களைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டிருக்கிறது. நம் மொழியில் வாள் என்பது ஒரு பெரிய குடும்பப் பெயர். அரிவாள், ஈர்வாள், கொடுவாள், குறுவாள், உடைவாள், சுருள்வாள். இவற்றில் குறுவாள் அளவால் பெற்ற பெயர். கொடுவாள் வடிவால் பெற்றது. கொடு என்றால் வளைந்த. உடைவாள் இடுப்பில் உடையோடு கட்டுவதால் வந்தது. அரிவாளும் ஈர்வாளும் மட்டும் வினையால் பெயர் பெற்றவை: அரிவது அரிவாள், ஈர்வது, அதாவது அறுப்பது, ஈர்வாள். தச்சர் மரம் அறுக்கும் ரம்பத்துக்குத்தான் ஈர்வாள் என்று பெயர். போர்க்களத்து வாளையும் தச்சுப் பட்டறை ரம்பத்தையும் ஒரே குடும்பத்தில் வைத்துவிட்டு, அந்தக் கருவியால் கை என்ன செய்கிறது என்பதை முன்னொட்டில் சொல்லிவிட்டது தமிழ். விதி எழுதுகிறவன் இரும்பின் நீளத்தைப் பார்த்தான். அரிவாள் என்று பெயர் வைத்தவன் கையைப் பார்த்தான்.

பிடியில் இருக்கிறது விஷயம்

தல்வாரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு முதலில் படுவது அதன் பிடி எவ்வளவு குட்டை என்பதுதான். பிடியின் அடியில் தட்டு மாதிரி ஒரு வட்டம் இருக்கும். நான்கு விரல்களும் மேல் குறுக்குக்கும் கீழ் வட்டத்துக்கும் நடுவே இறுகிவிடும். ஐரோப்பிய வாள்வீரனைப் போலக் கையை நீட்டி, கை குலுக்குவதுபோல் வாளை முன்னே தள்ளினால் அந்த வட்டம் மணிக்கட்டில் இடிக்கும். மணிக்கட்டை மடக்கிவைத்து, முழங்கையாலும் தோளாலும் வெட்டி இழுத்தால் வாள் இசைந்து வரும். அருங்காட்சியகங்களில் தல்வாரைப் பார்த்த ஆங்கிலேயர் பலர், இந்தியர்களின் கை சிறியது போலும் என்று முடிவுகட்டினார்கள். கை சிறியதல்ல, வீச்சு வேறு.

பட்டா என்ற வாளை எடுத்துக்கொள்ளுங்கள். மராட்டியர் பெரிதும் பயன்படுத்தியது. முழங்கை வரை மூடும் இரும்புக் கையுறைக்குள் குறுக்குப் பிடி இருக்கும். அதிலிருந்து நேரான நீண்ட அலகு நீளும். அலகை மட்டும் பார்த்தால் விளையாட்டு விதி அதைச் சட்டென்று நீளவாள் கூட்டத்தில் போட்டுவிடும். ஆனால் அந்தக் கையுறைக்குள் மணிக்கட்டு அசையாது. கையே வாளாகிவிடுகிறது. கட்டாரியும் அப்படித்தான்: பிடி குறுக்கே இருப்பதால் அதை முட்டியால் குத்துவதுபோல் குத்தவேண்டும். தஞ்சை அரண்மனை ஆயுதக் கிடங்கிலிருந்து வந்த அழகான கட்டாரிகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். 2000ஆம் ஆண்டு விதிநூலில் இவ்வகைக் கத்தி 'எளிய' கூடையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக் குத்தலாமாம்.

அலகு ஒன்றாகவே இருந்து பிடி மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்றுகள் உண்டு. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசியர் முதலியோர் கொண்டுவந்த நேரான ஐரோப்பிய அலகுகளை வாங்கி, அவற்றுக்கு இந்தியப் பிடி போட்டுப் பயன்படுத்தினார்கள். அந்த வாளுக்கு ஃபிரங்கி என்று பெயர். நாம் பறங்கி என்கிறோமே, அதே சொல்தான். அலகு பறங்கியுடையது, பிடியும் வீச்சும் நம்முடையவை.

இரண்டாவது சான்றைத் தந்தவர் லூயி நோலன். இவர் 15ஆம் ஹுசார் குதிரைப்படையில் இந்தியாவில் பணியாற்றியவர். சென்னை ஆளுநர் பாட்டிஞ்சரின் மெய்க்காப்பு அதிகாரியாகவும் இருந்தவர். 1853இல் குதிரைப்படை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, கிரிமியப் போரில் பாலக்கிளாவா களத்தில், அந்தப் புகழ்பெற்ற தவறான கட்டளையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு முதல் ஆட்களில் ஒருவராக விழுந்தார். அவர் நூலில் ஒரு செய்தி இருக்கிறது. ஐதராபாத் நிஜாமின் குதிரைவீரர்கள் ரோகில்லாக்களோடு மோதிய ஒரு சண்டைக்குப் பிறகு, எதிரிகளின் உடலில் வெட்டுக் காயங்கள் மிகக் கொடூரமாக இருந்தனவாம். கை கால்கள் துண்டாகியிருந்தன. அப்படியென்ன வாள் என்று நோலன் விசாரித்தபோது, பெரும்பாலானவை ஆங்கிலேயக் குதிரைப்படை பழையதென்று கழித்துப்போட்ட வாள்களின் அலகுகள் என்று தெரியவந்தது. நிஜாமின் வீரர்கள் அவற்றுக்குத் தங்கள் பிடியைப் போட்டு, சவரக்கத்திபோல் தீட்டி, மர உறையில் வைத்திருந்தார்கள். சண்டையில் தவிர வெளியே எடுப்பதில்லை. ஆங்கிலேய வீரர்களோ அதே அலகை இரும்பு உறையில் போட்டு, அணிவகுப்பில் உருவுவதும் செருகுவதுமாக மழுங்கடித்துவிட்டார்கள். இப்படி வெட்ட என்ன பயிற்சி தருகிறீர்கள் என்று கேட்டதற்கு, தனியாக ஒரு பயிற்சியும் இல்லை, கூரான வாள் யார் கையிலும் வெட்டும் என்ற பொருளில் பதில் வந்ததாக நோலன் எழுதுகிறார்.

கடைசிப் பதிலை நான் முழுதாக நம்பவில்லை. சிறுவயது முதல் குதிரைமேல் வாளோடு வளர்ந்தவனுக்குத் தான் கற்றது பயிற்சி என்றே தோன்றியிருக்காது. தாய்மொழியை எந்தப் பள்ளியில் கற்றாய் என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

கவாத்துக் கத்தி

புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தால் எங்கள் ஊரில் தேயிலைச் சரிவுகள்தான் தெரியும். தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்வார்கள். அதற்கென்று கவாத்துக் கத்தி இருக்கிறது. கொஞ்சம் வளைந்தது, உட்பக்கம் கூர்மை. கிளையைக் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பில் சாய்வாக அறுக்கவேண்டும். தண்டு பிளந்தால் மழைநீர் தங்கி அழுகல் வரும். தெரிந்த தொழிலாளி ஒருவரிடம் கத்தியைக் கேட்டு வாங்கி முயன்றேன். ஊரில் அரிவாளால் விறகு வெட்டிப் பழகியவன் நான். அந்தத் தைரியத்தில் மேலிருந்து ஓங்கிப் போட்டேன். தண்டு நார்நாராகக் கிழிந்தது. அவர் சிரிக்கவில்லை, "சார், இது வெட்டுறது இல்ல, இழுக்கிறது" என்று மட்டும் சொல்லிக் கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இரண்டு கருவிகளும் வளைந்தவை, இரண்டிலும் கூர்மை உட்பக்கம், நீளமும் ஏறத்தாழ ஒன்றே. என் அரிவாள் தேர்ச்சி எனக்குத் தந்தது தண்டம்தான்.

ஆசான்கள் வகுத்த முறை

இந்தக் கேள்விக்கு நம் போர்க்கலை ஆசான்கள் என்ன பதில் வைத்திருந்தார்கள்? சிலம்பத்தில் முதலில் கையில் கிடைப்பது கம்பு. அதற்கும் முன்னால் காலடி. முன்னேறுவது, விலகுவது, சுழல்வது எல்லாம் காலில் ஏறிய பிறகுதான் கம்பு சுற்றவே விடுவார்கள். பிறகு இரட்டைக் கம்பு, மான்கொம்பு, வாள், கேடயம், சுருள்வாள் என்று பயிற்சி விரியும். கேரளக் களரியிலும் இதே வரிசை: முதலில் உடற்பயிற்சி, பிறகு மரக்கோல்கள், அப்புறம் உலோக ஆயுதங்கள், கடைசியில் உறுமி. ஓர் ஆயுதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கூடவே வருவது காலடியும் தூரத்தை அளக்கும் கண்ணும். மணிக்கட்டும் பிடியும் ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கற்கவேண்டியவை. சுருள்வாளுக்குப் பெயரில்தான் வாள் இருக்கிறது. வீச்சில் அது சாட்டைக்குச் சொந்தம். அதனால்தான் கடைசிப் பாடமாக வைத்தார்கள்.

சோழர் கல்வெட்டுகளில் 'வாள்பெற்ற கைக்கோளர்' என்று ஒரு படைப்பிரிவு வருகிறது. வில்லிகள், குதிரைச் சேவகர், ஆனையாட்கள் என்று வேறு பிரிவுகளும் வருகின்றன. வாள் பெற்றவன் என்பது பட்டம்போல் ஒலிக்கிறது. விளையாட்டுக்காரர்களின் தேர்ச்சிக்கு ஆயிரம் ஆண்டு முந்தைய பெயர் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் எந்த வாள், எப்படிப் பிடித்தார்கள் என்று கல்வெட்டு சொல்லாது. கல்வெட்டு எழுதியவனுக்கும் படித்தவனுக்கும் அது தெரிந்த விஷயம்.

தெரிந்த அந்தக் கைகள் பிறகு வெறுங்கைகளாயின. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கம்பெனி ஆட்சி தென்பகுதிப் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. 1878இல் ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. வாள் போனது, கம்பு தங்கியது. இன்று கிராமத் திருவிழாக்களில் கம்பு சுற்றுகிறவர்களைப் பார்க்க முடிகிறதே, அது இந்தப் பறிப்புக்குப் பிறகு மிஞ்சியது. வாள்கள் அருங்காட்சியகங்களுக்குப் போய், அங்கே நீளமும் எடையும் அளக்கப்பட்டு அட்டவணையில் ஏறின. 1880இல் எகர்ட்டன் என்ற ஆங்கிலேயர் இந்திய ஆயுதங்களுக்குப் படங்களோடு ஒரு கையேடு வெளியிட்டார். அரிய உழைப்பு, ஆனால் அட்டவணையில் அலகின் வடிவம் ஏறும், மணிக்கட்டின் பழக்கம் ஏறாது. ஆயுதங்களைப் படமாகவும் பட்டியலாகவும் மட்டுமே பார்த்தவர்கள் பின்னாளில் விளையாட்டு விதி எழுதியபோது வளைந்ததையெல்லாம் சிமிட்டார் என்றதில் வியப்பில்லை.

நீலகிரியின் கல்வட்டங்களிலும் இதே குறைதான். இம்மாவட்டத்தின் முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், மலைமேல் உள்ள பழைய ஈமச் சின்னங்களைத் தோண்டிப் பார்த்தார். அவர் 1872இல் இறந்த பிறகு, 1873இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. விலங்கு உருவங்கள் கொண்ட மூடியுள்ள மண்கலங்கள், வெண்கலக் கிண்ணங்கள், பொன் அணிகள் ஆகியவற்றோடு இரும்பு ஈட்டி முனைகளும் கத்திகளும் கிடைத்தன. அவற்றில் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஒரு பகுதி லண்டனில். இப்படிப் புதைந்து கிடந்த கத்திகளில் இரும்பு துருப்பிடித்தாவது நிற்கும். மரமும் கொம்பும் தோலும் மக்கிப்போகும். அந்தப் பிடி இல்லாமல் அந்தக் கத்தியை எப்படி வீசினார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? கோத்தர் கொல்லர்கள் தோடருக்கும் படகருக்கும் கருவி அடித்துக்கொடுத்த மலை இது. கருவிக்குப் பிடி போடும் கை யாருடையது என்று பார்த்துப் போட்டிருப்பார்கள்.

மேசையில் எழுதிய தீர்ப்பு

உதகமண்டலத்துக்கு விளையாட்டு விதியில் ஒரு பெருமை உண்டு. 1875இல் ஜபல்பூர் ராணுவ உணவகத்தில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி தொடங்கிவைத்த ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு, 1882இல் ஊட்டி கிளப்பில்தான் விதிகள் எழுதி மாட்டப்பட்டன என்பார்கள். அந்த ஞாபகத்தில் பேரனிடமும் அவன் நண்பர்களிடமும், "நீங்களும் ஒரு விதி எழுதி மாட்டுங்கள்" என்றேன்.

ஒரு மாலை முழுக்க வாதாடி மூன்று கேள்விகள் எழுதினார்கள். கூர்மை எந்தப் பக்கம்? பிடி மணிக்கட்டை விடுகிறதா, கட்டுகிறதா? ஒரு கையா, இரு கையா? தெரிந்த வாளுக்கும் புதிய வாளுக்கும் மூன்றிலும் பதில் ஒன்றானால் முழுத் தேர்ச்சி. இரண்டில் ஒன்றானால் பாதி. அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. நீளவாளுக்கும் தல்வாருக்கும் இரண்டாவது கேள்வியில் மட்டும் பதில் வேறுபட்டது. நீளவாளுக்கு இருபுறமும் கூர்மை என்பதால் முதல் கேள்வியில் ஒத்துக்கொண்டார்கள். முதல் நிலைக் கள்வனின் தேர்ச்சி எண் 2. பாதி என்றால் 1. காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டினார்கள்.

பேரன் தல்வாரை முதன்முதலாக வீசியபோது பகடையில் 3 விழுந்தது. ஒன்றைக் கூட்டினாலும் நான்குதான். சுருள்வாளை எந்த வரிசையில் வைப்பது என்ற சண்டை இன்னும் முடியவில்லை. அது வாளே அல்ல என்று நடுவர் பையன் சொல்கிறான்.